எலுமிச்சைக்கு மாறாத சிவப்பு

திவ்யலட்சுமி படித்த பட்டத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. வேதியியலும் வணிக மேலாண்மையும் சேர்ந்த இளநிலைப் பட்டம். திருவனந்தபுரத்தில், வீடு இருக்கும் கரமனைத் தெருவில் யாராவது பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டால் அவளுடைய அம்மா பொன்னம்மை "கெமிஸ்ட்ரி" என்பாள். பழவங்காடியில் அதே கேள்விக்கு அப்பா பகவதிப்பெருமாள் "பிசினஸ்" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கேட்கிறவருக்கு எது பிடிக்குமோ அந்தப் பாதியைச் சொன்னார்கள். மிச்சப் பாதியைச் சுமந்துகொண்டு மூன்று வருஷம் பஸ் ஏறியவள் அவள்தான்.

பகவதிப்பெருமாளுக்குப் பழவங்காடியில், கணபதி கோயில் முக்கில், பூஜைச் சாமான் கடை. நாள் முழுக்க எதிரே தேங்காய் உடைந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி அவருக்கு வீட்டிலும் மெதுவாகப் பேச வராது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆன குடும்பம். நாகர்கோவில் கல்யாணங்களில் இவர்களை மலையாளத்துக்காரர்கள் என்பார்கள். இங்கே பஸ்ஸில் யாருடனாவது வாய்த்தகராறு வந்தால், தமிழர்களை இளக்காரமாகச் சொல்வதுபோல, பாண்டி என்பார்கள். ஆக, இரண்டும்கெட்டான் என்ற பெயர் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. படிப்பிலும் அது வந்து ஒட்டிக்கொண்டபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கேட்டது வெறும் கெமிஸ்ட்ரி. அலாட்மெண்டில் கிடைத்தது இது. வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவள் அழுதாள். பகவதிப்பெருமாளோ கல்லூரி ஆபீசில் கிளார்க் மலையாளத்தில் விளக்கியதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்துபோனார். கெமிஸ்ட்ரிக்கு மலையாளத்தில் ரசதந்திரம் என்று பெயர். தமிழ்க்காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. "ரசமும் தந்திரமும் ஒரு பக்கம், யாவாரம் ஒரு பக்கம். கடைக்கு இதைவிட வேற என்ன மக்கா வேணும்?" என்றார் மகளிடம். பஸ் ஸ்டாப்பில் நின்று இன்னொன்றும் சொன்னார். அவருக்கு முட்டுவலி. அதிக வருஷம் கடையில் உட்கார முடியாது. "படிச்சு முடிச்சிட்டு வா. கல்லாப்பெட்டி உனக்காக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சேர்ந்தாள். அண்ணன் ராகேஷ் ஒருத்தன் இருக்கிறான். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு மொபைல் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் இருக்கும்போது அப்பா தன்னைப் பார்த்துச் சொன்னாரே என்ற பெருமை அவளுக்கு. பெண்பிள்ளைக்குக் கல்லாப்பெட்டியைத் தருகிறேன் என்று பழவங்காடியில் வேறு எந்த அண்ணாச்சியும் சொன்னதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

கல்லூரியில் கெமிஸ்ட்ரிக்காரர்கள் இந்த வகுப்பைப் 'பிசினஸ் பிள்ளைகள்' என்றார்கள். காமர்ஸ்காரர்கள் 'லேப் பிள்ளைகள்' என்றார்கள். காலையில் ப்யூரெட்டில் சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. மத்தியானம் விலை எப்படி வைப்பது, வாடிக்கையாளர் மனசை எப்படி அறிவது என்று படிப்பது. இரண்டையும் எங்கே கொண்டுபோய் முடிச்சுப் போடுவது என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. கேட்டால், அதெல்லாம் ப்ராஜெக்டில் வரும் என்றார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றவர்களில் பாதிப் பேர் இரண்டாம் வருஷமே பேங்க் கோச்சிங்குக்குப் போய்விட்டார்கள். திவ்யலட்சுமி போகவில்லை. அவளுக்குத்தான் கடை இருந்ததே.

ப்ராஜெக்டுக்கு அவள் எடுத்தது குங்குமம். எடுக்கக் காரணம் அம்மாவின் நெற்றி.

பொன்னம்மைக்குப் பொட்டு வைக்கும் இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. வெயில் காலத்தில் அரிக்கும். அவள் அதைச் சொறிந்துவிட்டு அதன்மேலேயே குங்குமம் வைப்பாள். கடையில் விற்கும் குங்குமம்தான். வெளியூரிலிருந்து மூட்டையில் வருவது. மாவும் சாயமும் என்பது பகவதிப்பெருமாளுக்குத் தெரியும், பொன்னம்மைக்கும் தெரியும். வீட்டுக்காரர் விற்பதை வீட்டுக்காரி வைக்காமலிருந்தால் நன்றாக இருக்காது என்று அவள் நினைத்தாள். இதைவிடப் பெரிய முட்டாள்தனமான விசுவாசத்தைப் பார்க்க முடியாது. ஆனால் நம் வீடுகள் பாதி இந்த விசுவாசத்தில்தான் நிற்கின்றன.

திவ்யலட்சுமி இரண்டு வழி கண்டுபிடித்தாள். ஒன்று பழைய வழி. மஞ்சளை எலுமிச்சைச் சாற்றிலும் வெங்காரத்திலும் படிகாரத்திலும் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலிப்பது. நாள் பிடிக்கும், இடம் பிடிக்கும், திருவனந்தபுரத்து மழையில் பூசணமும் பிடிக்கும். இன்னொன்று சுருக்க வழி. மஞ்சள்பொடியில் சுத்தமான சுண்ணாம்பை அளவாகச் சேர்த்துப் பிசைந்தால் சிவந்துவிடும். ஆரத்தி கரைக்கத் தெரிந்த எந்த வீட்டுக்கும் அந்தச் சிவப்பு தெரியும். மத்தியான வகுப்பில் படித்தபடி அவள் செலவுக்கணக்கு போட்டாள். சுருக்க வழிதான் கட்டுப்படியாகும் என்று வந்தது. அதையே எடுத்தாள். அவளுடைய படிப்பின் ஒரு பாதி இன்னொரு பாதிக்குக் குழி வெட்டியது அந்த இடத்தில்தான். அப்போது அவளுக்கு அது தெரியவில்லை.

பயன்படுத்துகிறவர்களிடம் கேள்விகளும் கேட்டாள். கரமனைத் தெருவில் வீடு வீடாக ஏறி, நிறம் எப்படி, வாசனை எப்படி, அரிக்கிறதா, எந்த டப்பா பிடிக்கும் என்றெல்லாம் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். குங்குமத்தை நெற்றியைத் தவிர வேறு எதன்மேல் வைப்பீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், கடைக் குங்குமத்துக்கும் உன்னுடையதுக்கும் வித்தியாசத்தை எப்படிக் காட்டுவாய் என்று கேட்டார். திவ்யலட்சுமி பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். இரண்டாக வெட்டி ஒரு பாதியில் சாயக் குங்குமத்தைத் தடவினாள். சிவப்பு அப்படியே இருந்தது. மற்றதில் தன்னுடையதைத் தடவினாள். சாறு பட்ட இடமெல்லாம் கண்முன்னே மஞ்சளாகத் திரும்பியது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அசல் சரக்கு என்றால் புளிப்பு பட்டதும் இப்படித்தான் மாறும், மாறாமலிருந்தால் சாயம் என்றாள். எக்ஸாமினர் மேஜையைத் தட்டினார். அவளுடைய வழிகாட்டி ஸ்வப்னா டீச்சர், கெமிஸ்ட்ரியும் மார்க்கெட்டிங்கும் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டாயே என்று பிறகு அவளைக் கட்டிக்கொண்டார். வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான்.

ஆவணியில் கடையில் அவளுடைய குங்குமம் வந்தது. சின்ன டப்பா, மேலே அம்மாவின் பெயர்: பொன்னம்மை. தீபாவளி வரை பார்க்கலாம், ஓடினால் கடை உன் கையில், ஓடாவிட்டால் ராகேஷை உட்கார வைக்கிறேன் என்று பகவதிப்பெருமாள் சொல்லிவிட்டார். முதலில் சொன்ன வார்த்தையில் இப்படி ஒரு நிபந்தனை இல்லை. அவள் அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஓடும் என்று நம்பினாள்.

ஓடவும் செய்தது. கரமனையிலிருந்து பெண்கள் தேடி வந்து வாங்கினார்கள். எல்லாவற்றையும்விட, பொன்னம்மையின் நெற்றியில் அரிப்பு நின்றது. தடிப்பு இறங்கி, கறுப்பும் வெளிறத் தொடங்கியது. அவள் கண்ணாடி முன்னால் நின்று நெற்றியை விரலால் தடவிப் பார்த்துக்கொள்வதைத் திவ்யலட்சுமி ஒரு நாள் கதவு ஓரமாக நின்று பார்த்தாள். படித்ததற்கு அதுவே போதும் என்று அவளுக்கு அன்று தோன்றியது. அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

பழவங்காடிக்குப் புதுவண்டி வாங்குகிறவர்கள் பூஜைக்கு வருவார்கள். நவராத்திரி நெருங்கினால் கூட்டம் சொல்லி மாளாது. வண்டியை நிறுத்தி, மாலை போட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமம் தடவித் திருஷ்டிக்கு வைப்பது வழக்கம். பகவதிப்பெருமாளே வெள்ளிக்கிழமைதோறும் கடை வாசலில் அப்படி இரண்டு பாதி வைப்பவர்தான். கைப்பழக்கத்தில் பழைய மூட்டையிலிருந்து எடுத்துத் தடவுவார். திவ்யலட்சுமி பிறந்ததிலிருந்து அந்த எலுமிச்சம்பழத்தைத் தாண்டித்தான் கடைக்குள் போய்வந்திருக்கிறாள். வைவாவுக்கு அவள் கொண்டுபோன பழமும் அந்தக் கடைக் கூடையில் எடுத்ததுதான். வாசல் பழத்தையும் கூடைப் பழத்தையும் அவள் ஒரு தடவைகூடச் சேர்த்து நினைக்கவில்லை. மூன்று வருஷம் படித்த பிள்ளை. வயிற்றெரிச்சல்தான்.

நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் வினீத் என்ற இளைஞன் புதுக்கார் கொண்டுவந்தான். கூட அவனுடைய அம்மா. மாலை, தேங்காய், பழம் எல்லாம் இவர்கள் கடையில் வாங்கினான். நல்ல குங்குமம் கொடுக்க வேண்டும் என்று திவ்யலட்சுமியே ஒரு 'பொன்னம்மை' டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். பூஜைக்காரர் பழத்தை வெட்டினார், தடவினார், முன்சக்கரத்துப் பக்கம் வைத்தார். வினீத்தின் அம்மா கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தபோது பழத்தில் சிவப்பு இல்லை. ஒரே மஞ்சளாகக் கிடந்தது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. காரை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "குங்குமம் நெறம் மாறி. ஞான் இதுல கேறூல்ல மோனே," என்றாள். பிறகு எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அவளுடைய புருஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். வினீத் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கடைப்படி ஏறினான். "இதுல மாயம் உண்டல்லோ அண்ணாச்சி," என்றான். மாயம் என்றால் மலையாளத்தில் கலப்படம்.

கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. திவ்யலட்சுமி வெளியே வந்தாள். வைவாவில் சொன்ன அதே விஷயத்தை, அதே நம்பிக்கையோடு, மலையாளத்தில் சொல்லத் தொடங்கினாள். எலுமிச்சையில் ஆசிட் இருக்கிறது, குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், இதுதான் சுத்தத்துக்கு அடையாளம் என்றாள். எக்ஸாமினருக்குக் காது இருந்தது, படிப்பும் இருந்தது. இந்தக் கூட்டத்துக்குக் கேட்டது இரண்டே சொல். ஆசிட். சுண்ணாம்பு. குங்குமத்தில் ஆசிட் கலக்கிறார்கள் என்று ஒருவர் பின்னால் நின்றவருக்குச் சொன்னார். அந்தப் பெண் கெமிஸ்ட்ரி படித்தவள், அதுதான் காரியம் என்று இன்னொருவர் விளக்கம் கொடுத்தார். இத்தனை நாள் யாருக்கும் விளங்காத அவள் படிப்பு அன்றைக்குத்தான் எல்லோருக்கும் சட்டென்று விளங்கியது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தாள். மாவும் சாயமும் எது, மஞ்சள் எது என்று அந்தத் தெருவில் அவரைவிட யாருக்குத் தெரியும்? பகவதிப்பெருமாள் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். வினீத்தின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டார். "தெற்றிப்போயி மோனே. பிள்ளை படிப்புக்குன்னு என்னவோ செஞ்சு பாத்தது," என்று தப்பை ஒத்துக்கொண்டார். உள்ளே போய்ப் பழைய மூட்டையிலிருந்து கை நிறையக் குங்குமம் அள்ளிவந்து, புதுப்பழம் ஒன்றைத் தானே வெட்டித் தடவிச் சக்கரத்தடியில் வைத்தார். சிவப்பு ரத்தம்போல நின்றது. அந்த அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காரில் ஏறினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை பிள்ளையார் கோயில் வாசலிலேயே நடந்து முடிந்தது.

ஆயுதபூஜைக்குள் விஷயம் ஆட்டோ ஸ்டாண்டு வரை போய்விட்டது. கரமனையில் வாங்கியவர்களே டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வீட்டில் எலுமிச்சை தடவிப் பார்த்தோம், நிஜமாகவே மாறுகிறது என்றார்கள். அவளுடைய சோதனையை ஊரே செய்து பார்த்தது. விடை ஒன்றுதான் வந்தது, ஆனால் மார்க் போட்டவர்கள் வேறு. அவள் பழைய வழியைத் திரும்ப எடுத்தாள். எலுமிச்சைச் சாற்றிலேயே சிவந்த குங்குமம் எலுமிச்சைக்கு ஏன் பயப்படப் போகிறது? மொட்டைமாடியில் மஞ்சளைப் பரப்பினாள். ஐப்பசித் துலாமழை வந்து பூசணம் பிடித்தது. மறுபடி செய்கிறேன் என்றாள். எவ்வளவு நல்லதாகச் செய்தாலும் அந்தப் பெயரை இனி இந்த முக்கில் விற்க முடியாது என்று பகவதிப்பெருமாள் சொல்லிவிட்டார். அதில் தப்புச் சொல்ல முடியாது. வியாபாரம் தெரிந்தவர்.

ஆனால் அவளைத் தைத்தது அதல்ல. ஒரு காலையில் பொன்னம்மை கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்தபோது, கையில் இருந்தது கடைக் குங்குமப் பொட்டலம். திவ்யலட்சுமி கதவு ஓரம் வந்து நின்றாள். அம்மாவே திரும்பிச் சொன்னாள்.

"நிறம் மாறுகத வச்சிட்டு இருந்தா எனக்கு ராத்திரி உறக்கம் வரல்ல பிள்ளே. உனக்க அப்பாக்கு முட்டுவலி வேற கூடிக்கிட்டே போகுது."

"அரிக்குமே அம்மா."

"அரிச்சா அரிக்கட்டும்."

தீபாவளிக்கு ராகேஷ் கல்லாவில் உட்கார்ந்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் எதையும் மாற்றவில்லை. அதுவே அவனுடைய யோக்கியதையாக இருந்தது.

திவ்யலட்சுமி மேற்படிப்புக்குப் போய்ப் பார்த்தாள். எம்.எஸ்ஸி. கேட்ட இடத்தில் உன் பட்டத்தில் கெமிஸ்ட்ரி குறைவு என்றார்கள். கம்பெனிகளில் பட்டத்தின் பெயரை முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். மாதங்கள் போயின. வரன்கள் வந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களில் ஒருவர், குங்குமக் கேசு அந்தப் பெண்தானே என்று கேட்டதாகத் தரகர் சொன்னார். கடைசியில் ஒரே ஒரு இடத்தில் அவளுடைய பட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார்கள். சாயப்பொடி மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனி. கெமிஸ்ட்ரி தெரிய வேண்டும், விற்கவும் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பதில்லையே என்று மேனேஜர் சந்தோஷப்பட்டார். அவளுடைய இரண்டு பாதிகளும் முதல் தடவையாக ஒன்றாகப் பொருந்திய இடம் அதுதான்.

குங்குமம் கலக்கிறவர்களுக்கான சிவப்புப் பொடி அவள் கையில் கொடுக்கப்பட்டது. எப்படி விற்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பையில் ஒரு எலுமிச்சம்பழமும் சின்னக் கத்தியும் வைத்துக்கொண்டாள். எல்லாக் கடையிலும் பலித்தது.

பழவங்காடியை அவள் ஒரு வருஷம் தள்ளிப்போட்டாள். பிறகு மேனேஜர், அங்கே ஒரு கடைக்காரர் குங்குமத்தைத் தானே கலக்க ஆரம்பித்திருக்கிறாராம், அந்த ஆர்டரைப் பிடித்துக் கொடு என்று கடையின் பெயரைச் சொன்னார். தன்னுடைய கடை என்று அவள் சொல்லவில்லை. போனாள். ராகேஷ் போனில் இருந்தான். பகவதிப்பெருமாள் பக்கத்தில் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே தேங்காய் உடைந்துகொண்டிருந்தது.

வீட்டில் இரண்டு வேளையும் பார்க்கிறவர்கள்தான். ஆனால் கல்லாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றால் எல்லோரும் வியாபாரி, வாடிக்கையாளர்தான். அவள் பழத்தை வெட்டினாள். கம்பெனிப் பொடியில் கலந்த குங்குமத்தைத் தடவினாள். கம்பெனி சொல்லச் சொன்னதைச் சொன்னாள்: எலுமிச்சைக்கு மாறாது, வேர்வைக்கு மாறாது, எத்தனை நாளானாலும் மாறாது.

பகவதிப்பெருமாள் அந்தப் பாதிப்பழத்தைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். அப்படியே நின்றது. பல நாளுக்குப் பிறகு அவர் முகம், அலாட்மெண்ட் வாங்கிய அன்றுபோல, மலர்ந்தது.

"இது குங்குமம்," என்றார். "படிச்சதுக்கு இப்பமாக்கும் மக்கா பிரயோஜனம் வந்தது. இதை அன்னைக்கே செஞ்சிருந்தா நீதான்லா இங்க கல்லாவுல இருந்திருப்ப."

ராகேஷ் ஆர்டர் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். பையை மூடப் போனபோது அப்பா கை நீட்டித் தடுத்தார். கலந்து வைத்திருக்கும் குங்குமத்தில் ஒரு பொட்டலம் தனியாகக் கொடு என்றார்.

"உனக்க அம்மைக்கு. மாறாததுன்னா அவ நிம்மதியா வப்பா."

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும். அம்மாவின் நெற்றி எப்படியிருக்கிறது என்றும் தெரியும். அவள் பொட்டலத்தை மடித்து, ஒட்டி, அப்பாவின் கையில் கொடுத்தாள்.